பென்னாகரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீர்: எந்தச் சுத்திகரிப்பானை வாங்குவது?

கேள்வி: பென்னாகரம் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பென்னாகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வீட்டில் நான், கணவர், மாமியார், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண் குழந்தைகள் என ஐந்து பேர். எங்களுக்கு இரண்டு வழிகளில் தண்ணீர் கிடைக்கிறது. ஒன்று எங்கள் சொந்த ஆழ்துளைக் கிணறு. 650 அடி ஆழம். மற்றொன்று வீட்டுக் குழாய் இணைப்பு. ஒகேனக்கல் தண்ணீர் என்று சொல்லித்தான் அந்த இணைப்பைக் கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் வருகிறது. போன கோடையில் மூன்று வாரம் வரவேயில்லை. குழாயில் வராத நாட்களில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் கிணற்று நீரைத்தான் பயன்படுத்துகிறோம். சுவையில் குறை ஒன்றும் இல்லை, சோப்பும் நன்றாகவே நுரைக்கிறது, அதனால் நாங்கள் இதுவரை கவலைப்படவில்லை.

கவலை தொடங்கியது என் நாத்தனார் மகனைப் பார்த்த பிறகுதான். பக்கத்து ஊரில் இருக்கிறார்கள். பையனுக்கு ஒன்பது வயது. முன்பற்கள் இரண்டிலும் குறுக்காகப் பழுப்பு நிறக் கோடுகள், நடுவில் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைத் திட்டுகள். எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. என் பெரியவளுக்கு இப்போதுதான் கீழ்ப் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிறது. தினமும் காலையில் அவள் வாயைத் திறந்து பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது.

சென்ற வாரம் சுத்திகரிப்பான் விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஒன்றில் எங்கள் கிணற்று நீரையும் மற்றொன்றில் தாம் கொண்டுவந்த ஆர்.ஓ. நீரையும் ஊற்றி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரத்தில் செருகினார். ஒரு நிமிடத்துக்குள் எங்கள் தண்ணீர் சாக்கடை போல் பச்சையும் பழுப்புமாகக் கலங்கி, மேலே நுரை கட்டியது. அவருடைய தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. "இதைத்தான் உங்கள் குழந்தைகள் குடிக்கிறார்கள்" என்றார். நீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எங்கள் நீர் 940 காட்டியது. 18,500 ரூபாய்க்கு ஆர்.ஓ., யு.வி., தாமிரம் எல்லாம் சேர்ந்த ஒரு கருவியைப் பரிந்துரைத்தார். என் அண்ணனோ, கேண்டில் ஃபில்டரில் வடிகட்டிக் காய்ச்சி, செப்புக் குடத்தில் வைத்துக் குடித்தால் போதும், இவ்வளவு பணம் எதற்கு என்கிறார். மாமியாருக்கு நான்கு ஆண்டுகளாக மூட்டுவலி இருக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்பதும் தெரியவில்லை. எதை வாங்குவது, எதை நம்புவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: நீர்ப்பகுப்பாய்வாளர், பணி ஓய்வு, தருமபுரி

அம்மா, உங்கள் தண்ணீரைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டிய எண் அதில் இல்லை. கிணற்று நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அது. ஃபுளோரைடு என்பது பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் பொருள்; அளவு மிஞ்சினால் உங்கள் நாத்தனார் மகனின் பல்லில் கண்டது போன்ற கறையை உண்டாக்கக்கூடியது. அதை அறிந்துகொள்ளாமல் எந்தக் கருவிக்கும் பணம் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்தத் தம்ளர் வித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் அது பயத்தை ஏற்படுத்தியிருக்கிறது. அந்தக் கருவியில் இருக்கும் கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும்; கடத்தும்போது இரும்புக் கம்பியே கரைந்து நீரில் இறங்கித் துருவாக மாறுகிறது. நீங்கள் பார்த்த கலங்கல் உங்கள் தண்ணீரில் இருந்த அழுக்கு அன்று, அவர் கொண்டுவந்த கம்பியின் இரும்பு. ஆர்.ஓ. நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மின்சாரம் பாயவில்லை, அதனால் கம்பி கரையவில்லை. அவருடைய தெளிந்த தம்ளரில் ஒரு சிட்டிகைச் சமையல் உப்பைப் போட்டு மறுபடியும் செருகச் சொல்லியிருந்தால், அதுவும் அப்படியே கலங்கியிருக்கும்.

டிடிஎஸ் மீட்டரும் இதே மின்கடத்தலைத்தான் அளக்கிறது. மொத்தத்தில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை அது தோராயமாகக் காட்டும். எந்த உப்பு என்று காட்டாது. 940இல் பெரும்பகுதி கால்சியம், சோடியம், பைகார்பனேட், குளோரைடு ஆகியவையே. ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் அந்த 940இல் அது வெறும் 3தான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, டிடிஎஸ் 500க்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. ஃபுளோரைடுக்கு அதே தரத்தில் ஏற்கத்தக்க அளவு 1.0, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. ஆகவே டிடிஎஸ் 1,200 உள்ள ஒரு கிணறு ஃபுளோரைடு குறைவாக இருந்து பாதுகாப்பாக இருக்கலாம், 450 உள்ள மற்றொரு கிணறு பல்லையும் எலும்பையும் கெடுக்கலாம்.

சுவை நன்றாக இருக்கிறது, சோப்பு நுரைக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பலரும் இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபுளோரைடு விஷயத்தில் அது ஆறுதல் தராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கருங்கல் இனப் பாறை. அதிலுள்ள ஃபுளோரைட், அப்படைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு மெல்ல மெல்ல நீரில் கரைகிறது. நீரில் கால்சியம் அதிகம் இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கரையாத பொருளாகப் படிந்து, ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில் அந்தத் தடை இல்லை. சோப்பு நன்றாக நுரைக்கும் மென்மையான நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு என்பது இதனால்தான். ஆழமான கிணற்றில் நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கி வருவதையும் சேர்த்துப் பாருங்கள். 650 அடி என்று படித்தவுடனேயே எனக்குச் சந்தேகம் வந்தது.

உங்கள் அண்ணன் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் கேண்டில் ஃபில்டர் கலங்கலையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் பிடிக்குமே தவிர, கரைந்திருக்கும் ஃபுளோரைடைப் பிடிக்காது. யு.வி. விளக்கு கிருமியைக் கொல்லும், அதோடு சரி. யு.எஃப். என்னும் நுண்துளைச் சவ்வும் அப்படித்தான். சாதாரணக் கார்பன் வடிகட்டியும் செப்புக் குடமும் ஃபுளோரைடை ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் நிலைமை இன்னும் மோசமாகும்: நீர் ஆவியாகிப் போகும், ஃபுளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். பத்து லிட்டர் காய்ச்சி ஒன்பது லிட்டரானால், பத்து லிட்டரில் இருந்த ஃபுளோரைடு முழுவதும் அந்த ஒன்பதில் இருக்கும்.

வீட்டளவில் ஃபுளோரைடைக் குறைக்கக்கூடியவை இரண்டு. ஒன்று ஆர்.ஓ., அதாவது நீரை அழுத்தி நுண்ணிய சவ்வு வழியாகச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் முறை; நல்ல நிலையில் உள்ள சவ்வு ஃபுளோரைடில் 85 முதல் 95 விழுக்காடு வரை நீக்கிவிடும். மற்றொன்று ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வெள்ளை மணிகள் நிரப்பிய வடிகட்டி. மின்சாரம் வேண்டாம், தண்ணீரும் வீணாகாது. ஆனால் அந்த மணிகள் நிறைந்துவிட்டால் காரமும் அமிலமும் கொண்டு புதுப்பிக்க வேண்டும், எப்போது நிறைந்தது என்பதைச் சோதித்துத்தான் அறிய முடியும், அந்தப் பராமரிப்புக்கு அருகில் ஆள் வேண்டும். நாக்பூரில் உள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையும் உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து கலக்கித் தெளியவைப்பது. அதை ஓர் ஊருக்குச் செய்யலாம். வீட்டில் அளவு தவறாமல் தினமும் செய்வது கடினம்.

சோதனைக்கு வருகிறேன். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் நீர்ப்பரிசோதனைக் கூடம் இருக்கிறது. பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் மாதிரி கொடுக்கலாம். ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருந்தால் முதற்கட்டமாக அதிலும் பார்க்கலாம். மருந்து சேர்த்ததும் இளஞ்சிவப்பு நிறம் ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளை நோக்கி மாறும். பணம் செலவழிக்கும் முடிவுக்கு மட்டும் ஆய்வுக்கூட எண்ணையே நம்புங்கள். மாதிரி எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரால் மூன்று முறை அலசி, விளிம்புவரை பிடியுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் புட்டி வேண்டாம். கிருமிச் சோதனையும் வேண்டுமானால் அதற்குரிய கிருமி நீக்கிய புட்டியை ஆய்வுக்கூடத்திலேயே கேட்டு வாங்கி, நிரப்பியபின் குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும்.

இன்னொன்று முக்கியம். கிணற்று நீரை மட்டும் கொடுக்காதீர்கள், குழாய் நீரையும் கொடுங்கள், அதுவும் இரண்டு வெவ்வேறு நாட்களில். ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது சேர்ந்திருக்கிறது; ஃபுளோரைடு மிகுதியால் பல்லும் எலும்பும் கெடும் நோய்தான் ஃபுளோரோசிஸ். 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி, 2013இல் பயன்பாட்டுக்கு வந்த அத்திட்டம், நம் இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இந்தக் கேடு இருக்கிறது என்பதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவருகிறது. ஆற்று நீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆனால் ஆற்று நீர் போதாத நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஏற்றிக் கலந்து விடுவது பல ஊர்களில் நடக்கிறது. குழாயில் வருவதெல்லாம் காவிரி என்று எண்ணிவிட வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி: நிலைப்பற்களின் எனாமல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான் ஃபுளோரைடு அதைக் கெடுக்கிறது, ஏறத்தாழ எட்டு வயது வரை. உங்கள் பெரியவளுக்கு இப்போது முளைக்கும் பல்லின் எனாமல் முன்பே உருவாகி முடிந்துவிட்டது, அதை இனி தண்ணீர் மாற்றாது. அவளுடைய கடைவாய்ப் பற்கள் சில இன்னும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. மூன்று வயதுக் குழந்தைக்கோ முன்பற்களே இன்னும் முழுதாக உருவாகவில்லை. எனவே சோதனையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். மாமியாரின் மூட்டுவலிக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஃபுளோரைடு அவற்றுள் ஒன்று மட்டுமே. மருத்துவரிடம் காட்டி, நீர்ச்சோதனை முடிவையும் கையில் கொண்டுபோங்கள்.


பதில்: சுத்திகரிப்பான் பழுதுபார்ப்பவர், கிருஷ்ணகிரி

வணக்கம் அம்மா. பதினோரு ஆண்டுகளாகப் பர்கூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பகுதிகளில் ஆர்.ஓ. கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். ஐயா சொன்னதற்குமேல் நான் தண்ணீரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெரும்பாலான ஆர்.ஓ. கருவிகளுக்குள் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சிறிய திருகு இருக்கும். சவ்வின் வழியாக வந்த நீர் சப்பென்று இருக்கிறது என்பதால், சவ்வுக்குப் போகாத மூலநீரில் ஒரு பங்கை அந்தத் திருகு வழியாகக் கொண்டுவந்து சுத்தமான நீரோடு கலப்பார்கள். சுவை நன்றாகிவிடும். ஆனால் நம் பகுதியில் மூலநீரில்தானே ஃபுளோரைடு இருக்கிறது! உங்கள் கிணற்றில் 3 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு பத்தில் ஒன்பது பங்கை நீக்கினால் 0.3 வரும். திருகைத் திறந்து மூன்று பங்கு மூலநீரும் ஏழு பங்கு சுத்த நீருமாகக் கலந்தால் அது 1.1 ஆகிவிடும். பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தும் வரம்பைத் தாண்டிய நீரையே குடிப்பீர்கள், மீட்டரோ அழகாக 300க்கும் மேல் காட்டும். நான் பழுதுபார்க்கப் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் அந்தத் திருகு திறந்தேதான் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கருவியைப் பொருத்த வருபவரிடம் மூடியைக் கழற்றச் சொல்லி, அந்தத் திருகை உங்கள் கண்முன் முழுதாக மூடச் சொல்லுங்கள். மூடிய பிறகு வெளிவரும் நீரின் டிடிஎஸ், உள்ளே போகும் நீரில் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் இருக்க வேண்டும். உங்கள் 940க்கு வெளியே 60 முதல் 120 வரை வந்தால் சரி. சுவைக்காக வேண்டுமானால் கனிமம் சேர்க்கும் தனிக் குப்பி உண்டு. அது மூலநீரைக் கலப்பதில்லை.

அந்த முதல் நாள் எண்ணைக் கருவியின் பக்கத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். 90இல் தொடங்கியது 180 ஆகிவிட்டால் சவ்வு தளர்ந்துவிட்டது. உப்பு கசிந்தால் ஃபுளோரைடும் கூடவே கசியும். ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும் என்று சிலர் கட்டாயப்படுத்துவார்கள், மூன்று ஆண்டு ஓடும் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் தாளில் உள்ள எண்தான் சொல்ல வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. ஐ.எஸ். 16240 முத்திரை உள்ளதா என்று பாருங்கள். ஆர்.ஓ.வோடு யு.வி. அல்லது யு.எஃப். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். தாமிரம், துத்தநாகம், ஆல்கலைன் என்று அடுக்கும் குப்பிகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஆண்டுதோறும் அவற்றை மாற்றும் செலவு உங்களுடையதுதான். முன்புறம் இருக்கும் வண்டல் வடிகட்டி வெள்ளையிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியதும் நாள் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அது சவ்வைத் தின்றுவிடும் என்பதால் கார்பன் குப்பியைக் காலம் தவறாமல் மாற்றுவதும் அவசியம். எல்லாவற்றுக்கும் மேலாக, உதிரிபாகத்தோடு உங்கள் ஊருக்கு வரக்கூடிய ஆள் இருக்கும் கருவியாக வாங்குங்கள். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொல்லும் நிறுவனத்தின் சிறந்த கருவியைவிட, போன் செய்தால் மறுநாள் வரும் ஆள் பொருத்தும் சாதாரணக் கருவி உங்களுக்கு உதவும்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் குழாயில் உண்மையிலேயே ஆற்று நீர்தான் வருகிறது என்று சோதனையில் தெரிந்தால், அந்த நீருக்கு ஆர்.ஓ. வேண்டவே வேண்டாம். நல்ல தண்ணீரில் நான்கில் மூன்று பங்கைச் சாக்கடையில் விட்டு ஒரு பங்கைக் குடிப்பதுபோல் ஆகும்.


பதில்: காரிமங்கலத்து இல்லத்தரசி

சகோதரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதே தவறைச் செய்யக்கூடாது என்பதற்காக. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆர்.ஓ. வாங்கினோம். குடிக்க மட்டும் அந்த நீர். சமையல் எல்லாம் பழையபடி கிணற்று நீரில். நாள் முழுவதும் எட்டு லிட்டர் பிடித்தால் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். இரண்டு ஆண்டு கழித்து மகனின் பள்ளிக்குப் பல் பார்க்க வந்த மருத்துவர், வீட்டில் எந்த நீரில் சமைக்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நம் வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். கேழ்வரகுக் களி கிண்டும்போது உலையில் ஊற்றும் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட வெளியே போவதில்லை. அரிசி நொய் வெந்து, மாவு அத்தனையையும் குடித்து, உருண்டையாக இலையில் விழுகிறது. தண்ணீரில் இருந்த ஃபுளோரைடும் அந்த உருண்டையில்தான் இருக்கிறது. பருப்பு, சாம்பார், ரசம், குழந்தைக்கு ஆற்றும் கூழ், மாமியாருக்குப் போடும் தேநீர் எல்லாம் அப்படித்தான். குடிக்கிற தண்ணீரைவிடத் தின்கிற தண்ணீர் எங்கள் வீட்டில் அதிகம் என்று அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் ஒதுக்குகிறேன். அரிசியும் காய்கறியும் முதலில் கழுவுவதற்குக் கிணற்று நீர், கடைசியாக அலசுவதற்கும் வேகவைப்பதற்கும் நல்ல தண்ணீர். நீங்கள் கருவி வாங்கினால் இந்த 25 லிட்டருக்கு ஏற்றதாக வாங்குங்கள்.

கேழ்வரகைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உள்ள தானியம் அது. கால்சியம் உடம்பு ஃபுளோரைடை ஏற்பதைக் குறைக்கும் என்பதால் பால், மோர், முருங்கைக்கீரை இவற்றோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லித்தான் மருத்துவரும் அறிவுறுத்தினார். நல்ல தண்ணீரில் கிண்டிய களியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மழைநீரையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் ஓட்டு வீட்டுக்குப் பின்னால் 1,000 சதுர அடித் தளம் போட்டபோது 3,000 லிட்டர் தொட்டி ஒன்று வைத்தோம். முதல் மழையைத் திறந்துவிட்டுத் தளத்தைக் கழுவவிடுவோம், அடுத்த மழையிலிருந்து மணலும் கூழாங்கல்லும் நிரப்பிய தொட்டி வழியாகப் பிடிக்கிறோம். ஐப்பசி மழையில் நிறைந்தால் தை முடியும் வரை குடிக்கவும் சமைக்கவும் வருகிறது. அந்த நீருக்குக் கேண்டில் ஃபில்டரும் காய்ச்சுவதும் போதும். உங்கள் அண்ணன் சொன்ன வழி அங்கே பொருந்தும்.


மறுமொழி: பென்னாகரம் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே மூன்று மாதிரிகளைக் கொடுத்தேன், முடிவு வந்துவிட்டது. கிணற்று நீரில் ஃபுளோரைடு 2.6. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பெரியவள் பிறந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள் இதைத்தான் ஊட்டியிருக்கிறோம். குழாய் நீரை முதல் முறை பிடித்தபோது 0.3, டிடிஎஸ் 260. ஆறு நாள் கழித்துப் பிடித்த இரண்டாவது மாதிரியில் 1.4, டிடிஎஸ் 600. ஒரே குழாய்தான். கிணற்று நீரில் நைட்ரேட் 30, வரம்பான 45க்குள்தான் இருக்கிறது. கிருமிச் சோதனையிலும் நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

இப்போது என் சிக்கல் இதுதான். நல்ல ஆற்று நீர் வரும் நாளில் பிடித்துச் சேமிக்க 100 லிட்டர் மூடியுள்ள டிரம் இரண்டு வாங்கிவிட்டோம். ஆனால் எந்த நாள் ஆற்று நீர், எந்த நாள் கலப்பு நீர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பார்ப்பதற்கும் குடிப்பதற்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தருமபுரிக்கு எடுத்துப் போக முடியாது. ஆர்.ஓ. வாங்கினால் அதிலிருந்து கழியும் நீரைப் பசுவுக்கு வைக்கலாமா என்று மாமியார் கேட்கிறார். இவ்வளவு தண்ணீரை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.


பதில்: நீர்ப்பகுப்பாய்வாளர், பணி ஓய்வு, தருமபுரி

அம்மா, நேற்றுவரை ஊட்டியதை நினைத்து வருந்தாதீர்கள். பல் முளைக்கும் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். என்னிடம் மாதிரி கொண்டுவந்தவர்களில் பலர் முதுகு வளையாமல் போன பிறகு வந்தவர்கள்.

உங்கள் மூன்று எண்களும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்துகின்றன. ஆற்று நீரின் டிடிஎஸ் 260, உங்கள் கிணற்றில் 940. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 600 வரும். ஃபுளோரைடையும் அப்படியே 0.3, 2.6 என்று சரிபாதி போட்டால் 1.45, சோதனையில் வந்தது 1.4. ஊர்க் கிணறும் உங்கள் கிணற்றைப் போன்றதுதான், அன்று தொட்டியில் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். டிடிஎஸ் மீட்டர் ஃபுளோரைடைக் காட்டாது என்று முன்பு எழுதினேன், அது மாறவில்லை. ஆனால் இரண்டு மூலங்களின் எண்ணும் உங்கள் கையில் இருக்கும்போது, குழாயில் வருவது எது என்று அதே மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மீட்டரை வாங்கி, தண்ணீர் விட்டதும் முதல் குடத்தை ஊற்றிவிட்டு இரண்டாவது குடத்தில் அளந்து பாருங்கள். 350க்குள் இருந்தால் டிரம்மை நிரப்புங்கள். அதற்குமேல் போனால் அன்றைய நீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும். வேறு ஊரில் உள்ளவர்கள் இந்த 350 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரவர் நீரைச் சோதித்துத்தான் அவரவர் எண்ணை அறிய வேண்டும். ஆற்றின் உப்பளவும் பருவத்துக்குப் பருவம் சற்று மாறும் என்பதால், மழைக்காலத்தில் ஒன்றும் கோடையில் ஒன்றுமாக ஆண்டுக்கு இரண்டு மாதிரி கொடுத்துவிடுங்கள்.

200 லிட்டர் உங்களுக்கு எட்டு நாள் வரும். டிரம்மில் நிற்கும் நீரில் குளோரின் போய்விடும், கைபட்டால் கிருமி சேரும். குழாய் பொருத்திய டிரம்மாக வைத்து, சொம்பை உள்ளே விடாமல் திறந்து பிடித்து, குடிக்கும் நீரைக் காய்ச்சியோ கேண்டில் ஃபில்டரில் வடிகட்டியோ கொடுங்கள். போன கோடையைப் போல மூன்று வாரம் ஆற்று நீர் வராமல் போகும் என்றால் கிணற்று நீருக்கு ஓர் ஆர்.ஓ. இருப்பது நல்லது. அதைக் கிணற்று நீர் இணைப்பில் மட்டும் பொருத்துங்கள். கிருஷ்ணகிரி நண்பர் சொன்ன திருகை மூடாமல் அந்த ஆளை வீட்டை விட்டு அனுப்பாதீர்கள். நெடுநாள் நிறுத்தி வைத்து மீண்டும் ஓட்டும்போது முதல் அரைமணி நேர நீரைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள்.

பசுவுக்கு அந்தக் கழிவு நீர் கூடவே கூடாது. சவ்வு நீக்கிய ஃபுளோரைடெல்லாம் அதில்தான் சேருகிறது. உங்கள் கிணற்று நீரில் 2.6 என்றால் கழிவில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். மாட்டுக்கும் பல் தேயும், கால் விறைக்கும். அதே காரணத்தால் அதைக் கிணற்றடிக் குழியில் விட்டு நிலத்துக்குள் அனுப்புவதும் வேண்டாம். ஒரு வாளியில் பிடித்து வைத்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். கருவி பொருத்தி ஒரு வாரம் ஓடியபின், அதிலிருந்து வரும் நீரையும் ஒரு பிளாஸ்டிக் கேனில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். 0.5க்குள் வந்தால் எனக்கு இங்கே ஒரு வரி எழுதுங்கள்.